மணி அடிக்குதா பாருங்க

போதும் சார், விரலை எடுங்கள். இன்னொரு தடவை கோட்டைத் தப்பாக இழுத்தால் மொத்தமாக மூடிக்கொள்ளும்.

பார்த்தீர்களா? அரை மணி நேரம் கழித்து வரச் சொல்கிறது. இனித் தட்டிப் பிரயோஜனம் இல்லை, சட்டைப் பையில் போடுங்கள். புதுப் போனா? மகன் வாங்கிக் கொடுத்தானா? கோடு எப்படி என்று சொல்லிக் கொடுத்திருப்பான், நீங்கள் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சரி சரி என்றிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். திண்டுக்கல் இப்போதுதான் தாண்டியிருக்கிறது. மதுரை போவதற்குள் அதுவாகத் திறக்கும், உங்களுக்கும் நினைவு வந்துவிடும்.

என் தொழில் இது, அதனால்தான் வாய் சும்மா இருக்கவில்லை. சென்னியப்பன் என்று பெயர். ஈரோட்டில் ஒரு பால் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நீங்கள் காலையில் குடித்த காப்பியில் எங்கள் பால் இருந்திருக்கலாம், அவ்வளவு போதும்.

இந்தப் பை உங்கள் காலை இடிக்கிறதா? சாப்பாடு சார், சாய்த்தால் ஒழுகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு போன் வைத்திருக்கிறேனே என்று பார்க்கிறீர்கள். பெரியது என்னுடையது. இந்தச் சின்னது என் வீட்டுக்காரியுடையது. இது அடித்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவேன், தப்பாக நினைக்காதீர்கள். மகளிடமிருந்து ஒரு போன் வர வேண்டியிருக்கிறது. வந்தால் மதுரையில் இறங்கித் தூத்துக்குடி வண்டி ஏறுவேன். வராவிட்டால் ஈரோட்டுக்கே திரும்பிவிடுவேன். டிக்கெட்டை மதுரைக்குத்தான் எடுத்திருக்கிறேன்.

அது இருக்கட்டும். உங்கள் போன் மூடிக்கொண்டதைப் பற்றித்தானே பேச்சு. ஒரு கோடைகாலத்தில் எங்கள் கம்பெனியே இப்படி மூடிக்கொண்டது, தெரியுமா?

எங்களுக்கு ஊர் ஊராகப் பால் எடுக்கும் சென்டர் இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் ஜனங்கள் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். கொழுப்பு எவ்வளவு என்று மிஷின் பார்க்கும், அங்கே உள்ள கம்ப்யூட்டர் அதை ஈரோட்டு சர்வருக்கு அனுப்பும், சீட்டு அடித்து வரும். சீட்டு வந்தால்தான் ஜனங்கள் நகர்வார்கள். அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சர்வருக்குள் நுழைவதற்கு ஒரே ஒரு பெயர்தான், ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. ஆடிட்டர் வந்தார், இத்தனை வருஷமாகவா ஒரே பாஸ்வேர்டு என்று கண்ணாடியைக் கழற்றினார். மாற்றினேன். ஒவ்வொரு சென்டருக்கும் நானே போன் செய்து, புதுசை எழுத்துக் கூட்டிச் சொல்லி, போடவைத்து, வேலை செய்கிறது என்று கேட்ட பிறகுதான் போனை வைத்தேன். அவ்வளவு சுத்தமாகச் செய்தேன்.

மறுநாள் காலை எல்லாச் சென்டரும் நின்றுவிட்டது.

சர்வரில் ஒரு விதி உண்டு சார். ஐந்து தடவை யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டால் அந்தப் பெயரையே பூட்டிவிடும். தப்பாகப் போட்டவனை அல்ல, பெயரை. அதைக் கவனியுங்கள். தப்புச் செய்வது எங்கோ ஒருவன், கதவு மூடுவது அத்தனை பேருக்கும். சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு நிற்பவனும் வெளியேதான். அவனுக்கு ஏன் என்றும் சர்வர் சொல்லாது. நுழைய முடியாது, அவ்வளவுதான் பதில். காரணத்தைச் சொன்னால் திருடனுக்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். உண்மையான காரணம் உள்ளே, சர்வரில் மட்டும் பதிவாகும். அதை என்னைப் போல ஒருவன்தான் பார்க்க முடியும்.

நான் திறந்துவிடுவேன். ஒரு வரி அடித்தால் திறந்துவிடும். டீயைக் கையில் எடுப்பதற்குள் மறுபடி பூட்டிக்கொள்ளும். சென்டரில் இருந்து போன் மேல் போன். "சார், நான் கரெக்டாத்தானுங்க போட்டேன்", "நேத்துப் போச்சுங்க, இன்னைக்குப் போகலீங்க", "கேனெல்லாம் வெயில்ல நிக்குதுங்க". முதலாளி படியேறி என் அறைக்கே வந்துவிட்டார். அவர் அறையை விட்டு வருவதென்றால் தீபாவளிக்குத்தான்.

"என்ன சென்னியப்பா, பால் திரிஞ்சுக்கிட்டு இருக்குது. உன்ற பூட்டைக் கழட்டி வீசு."

"பூட்டைக் கழட்டினா எவன் வேணாலும் வருவானுங்க."

"எவன் வரப்போறான்? பால் கணக்கைத் திருடி அவன் தயிரா பண்ணப்போறான்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூட்டைக் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் நான் பிடிவாதக்காரன். பூட்டு மேல் தப்பில்லை, எவன் தட்டுகிறான் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்த வேலையில் புதிதாக வருகிறவர்கள் இரண்டு தப்புச் செய்வார்கள். ஒன்று, தட்டுகிறவன் திருடன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி இல்லை சார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த திருடன் ஒருவன்கூட இல்லை. எல்லாம் நம் ஆட்கள்தான். ஏதோ ஒன்றை மாற்றியிருப்போம், அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டோம், அவர்கள் பழையதை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, திறந்துவிட்டோமா என்று தன் நாற்காலியில் இருந்தே பரிசோதிப்பார்கள். அட்மின் பெயரில், சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. அது எப்போதும் திறக்கும். உனக்குத் திறக்காமல் யாருக்குத் திறக்கும்? வெளியே நிற்கிறானே, அவன் இடத்தில் இருந்து, அவன் பெயரில் தட்டிப் பார்க்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, எவன் தட்டினான்? பதிவில் கம்ப்யூட்டர் பெயர் இருக்கும், ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பார்த்தால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர். பால்-ஒன்று. ஆரம்பத்தில் மொத்தமாக வாங்கியபோது ஒன்றைத் தயார் செய்து அதையே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயரை மாற்றவில்லை. யார் போட்டது என்பதெல்லாம் இப்போது எதற்கு, அன்றைக்கு அவசரம், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு ரூட்டாக நிறுத்தச் சொன்னேன். பால் வண்டி போகிற ரூட். இந்த ரூட்டில் எல்லாச் சென்டரும் அணையுங்கள், தட்டுவது நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்காது. அடுத்த ரூட். நிற்காது. கடைசியில் அத்தனை சென்டரையும் அணைக்கச் சொன்னேன். ஈரோடு ஜில்லாவில் எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுகூட ஓடவில்லை. பதிவில் மட்டும் வரி வந்துகொண்டே இருக்கிறது. தப்பான பாஸ்வேர்டு, தப்பான பாஸ்வேர்டு. யாருமே இல்லாத இடத்தில் இருந்து ஒருவன் தட்டுகிறான்.

அப்போதுதான் உறைத்தது, மூடிப்போன சென்டர்.

சிவகிரிக்குத் தெற்கே ஒரு ஊரில் பாப்பாயி என்று ஒரு அம்மா வீட்டில் சென்டர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வேறு கம்பெனிக்குப் பால் ஊற்றப் போய்விட்டார்கள், சென்டரை மூடினோம். மிஷினை எடுத்தோம், கேனை எடுத்தோம், போர்டைக்கூட எடுத்தோம். கம்ப்யூட்டரை யாரும் எடுக்கவில்லை. போனேன். அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டது. கம்ப்யூட்டர் மேலே பழைய துண்டு ஒன்று மடித்துப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்கம்மா, இதை அணைக்கலையா நீங்க?"

"அணைக்கச் சொல்லி ஆரு வந்து சொன்னீங்க சாமி? கம்பெனிப் பொருளாச்சே, நாம தொடக்கூடாதுன்னு கெடக்குது. ஆயுத பூசைக்குத் தொடைச்சுப் பொட்டு வெச்சு உடுவேன். கரண்டு காசு நான்தான் கட்டறேன்."

பாஸ்வேர்டு மாற்றுவதற்கு முன்பும் அது நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வருக்குள் வந்து, எனக்கு வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது. உள்ளே வந்து போய்க்கொண்டிருந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. கதவை மாற்றிய பிறகுதான் அது தட்டுகிற சத்தம் கேட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். ஈரோட்டுக்குப் போன் செய்தேன், நின்றுவிட்டது என்றார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பாவமாக இருந்தது. மிஷின்தான். ஆனாலும் அந்தத் துண்டும் பொட்டுமாக அதைப் பார்த்தபோது என்னமோ செய்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கும்.

ம், சின்னப் போன் அடித்ததா? இல்லை, அது டிரைவர் ஹாரன்.

அதே கோடைகாலத்தில்தான் வீட்டிலும் ஒரு தொந்தரவு. சுகன்யா, என் மகள், ஒரே மகள். கோயமுத்தூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு நாள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஜெபசிங் என்று பெயர், தூத்துக்குடிக்காரன், அடிபட்டவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற வேலை. வேறு ஆட்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். வீட்டுப் பக்கம் வந்தால் வெட்டுவேன் என்று நான் சொன்னதாக ஊரில் பேச்சு. நான் அப்படிச் சொல்லவே இல்லை. காலை ஒடிப்பேன் என்றுதான் சொன்னேன். கோபத்தில் பெற்றவன் சொல்வதுதானே.

என் வீட்டுக்காரி பூங்கோதை அழுதாள். கல்யாணமான வாரத்தில் சுகன்யா ஒரு தடவை அம்மாவுக்குப் போன் செய்தாள். அன்றைக்குப் பூராவும் இவள் சாப்பிடவில்லை. ஏற்கனவே பிரஷர் மாத்திரை தின்கிறவள். எனக்குப் பயமாகிவிட்டது. இது தினமும் நடந்தால் ஆள் தாங்கமாட்டாள். போன் விஷயமெல்லாம் எங்கள் வீட்டில் நான்தான். ரீசார்ஜ் செய்வது நான், பேர் போட்டுக் கொடுப்பது நான். அவளுக்குப் பச்சையை இழுத்துப் பேசத் தெரியும், பேர் மேல் அமுக்கிக் கூப்பிடத் தெரியும், அவ்வளவுதான். அவள் குளிக்கப் போயிருந்தபோது மகள் நம்பரைப் பிளாக்கில் போட்டேன். பேரையும் எடுத்துவிட்டேன். அவள் புருஷன் நம்பர், தோழி நம்பர் என்று வேறு வேறு நம்பரில் இருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? பேர் போட்டு வைத்திருக்கிற ஆட்கள் கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற மாதிரியும் செய்துவிட்டேன். சின்ன வேலை.

பூங்கோதையிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள்.

அவள் போனைக் கையிலேயே வைத்திருப்பாள் சார். சமையல்கட்டில் கிரைண்டர் மேல் இருக்கும். துணி துவைக்கும்போது கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் இருக்கும். சேலை முந்தானையால் துடைத்துத் துடைத்துத் திரை பளபளவென்று இருக்கும். சாயங்காலம் நான் வந்ததும் நீட்டுவாள்.

"ஏனுங்க, இதுல மணி அடிக்குதா பாருங்க."

நான் வாங்கிப் பார்ப்பேன். என் போனில் இருந்து அதற்குக் கூப்பிடுவேன். அடிக்கும். அவள் பச்சையை இழுத்துக் காதில் வைத்து, "அலோ, ஆருங்க?" என்பாள். நான் எதிரில் நிற்கிறேன்.

"ஈரோடு கலெக்டர் பேசறேன்" என்பேன்.

"கலெக்டரய்யா, வரும்போது அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்பாள். சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்தாள்.

"நல்லாத்தானே இருக்குது போனு?" என்று திருப்பிக் கொடுப்பேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்று வாங்கிக்கொள்வாள்.

நீயே கூப்பிடேன் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து என்னிடம் சொன்னாள். "பெத்தவ நான் எதுக்குக் கூப்புடோணும்? சொல்லாமப் போனவ அவ. அவதான் கூப்புடோணும்." சரியான பேச்சு என்றேன். அவள் தம்பி வெள்ளிங்கிரி இருந்தால் நடுவில் ஏதாவது பேசியிருப்பான், அவன் அப்போது மஸ்கட்டில் இருந்தான்.

தினமும் கேட்டாள், பிறகு எப்போதாவது கேட்டாள். மழைக்காலத்தில் ஒரு நாள் நானாகவே, சும்மா, அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று ஹாலில் இருந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சமையல்கட்டில் போய்ப் பார்த்தால் போன் அவள் முன்னால்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும், கேக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவள் மனசு ஆறிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு.

அடுத்த கோடையில் அவளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள்தான். பேச்சுக் குழறியது, ஆனால் புரியும். ஒரு நாள் காலை, நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டுப் போன பிறகு, "புள்ள கூப்பிட்டாளா?" என்றாள்.

"இல்லையே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை சார். போன் அடிக்கவில்லை, என் முன்னால்தான் மேஜை மேல் இருந்தது.

"நம்மள வேண்டாம்னுட்டா போல. செரி, உடுங்க. நல்லா இருக்கட்டும்."

அதுதான் சார் கடைசியாகப் புரிகிற மாதிரி பேசியது.

தண்ணீர் இருக்கிறது, நீங்கள் குடியுங்கள். எனக்கு வேண்டாம்.

வெயில் காலம், வெகு நேரம் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மஸ்கட்டில் இருந்து வெள்ளிங்கிரி வந்து சேர்ந்ததும் எடுத்துவிட்டோம். சுகன்யாவுக்கு அவன்தான் சொல்லியிருக்கிறான். தூத்துக்குடியில் இருந்து அவள் வந்து சேர்ந்தபோது நாங்கள் மயானத்தில் இருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தோம். நான் தடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. வாசலில் நின்றாள். அழவில்லை. பந்தலுக்குக் கீழே அத்தனை பேர் முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, அம்மா ஏம்ப்பா ஒரு தடவைகூட என் போனை எடுக்கல? நான் தெனமும் கூப்பிட்டேன்பா."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில், அந்த இடத்தில், என்ன பதில் சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

"உங்கம்மாவுக்கு உம்மேல கோவம்மா" என்றேன். ஒரு சமாதானத்துக்குச் சொன்னதுதான்.

அவள் தலையை ஆட்டினாள். சரி, சரி என்கிற மாதிரி. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பிடிவாதம் சார். அப்படியே அவள் அம்மா.

நான் மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே இந்தப் போனை எடுத்து மகள் நம்பரைப் பிளாக்கில் இருந்து நீக்கிவிட்டேன். என் போனிலும் நீக்கிவிட்டேன். இனி யாருக்காக மூடி வைப்பது? சார்ஜ் போடுகிறேன், ரீசார்ஜ் செய்கிறேன். ஆள் இல்லாத போனுக்கு எதற்கு மாமா பணம் கட்டறீங்க என்றான் வெள்ளிங்கிரி. கட்டுகிறேன், என்ன போகிறது.

போன மாதம் அவன் வீட்டுக்கு வந்தான். இனி மஸ்கட் போகப்போவதில்லை, இங்கேயே கடை வைக்கிறானாம். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"மாமா, சுகன்யா முழுகாம இருக்குது. ஏழாம் மாசம். அக்கா இருந்தா கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஓடியிருக்கும். நீங்களாவது போகோணும்."

கட்டுச்சோறு உங்கள் பக்கம் உண்டா? மாசமாக இருக்கிற பெண்ணுக்குத் தாய்வீட்டில் இருந்து ஐந்து வகைச் சோறும் வளையலும் பூவும் கொண்டுபோகிறது. தாய்வீட்டுக்காரர்கள் வரவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு மற்றவர்கள் முன்னால் தலை நிமிராது. அவர்கள் சர்ச்சுக்காரர்கள், அவர்களுக்கு இது தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே.

"அவ கூப்புடட்டும், போறேன்" என்றேன். "ஒரே ஒரு போன். அப்பா வாங்கன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் கேக்கறது."

என் நம்பருக்குக் கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அம்மா நம்பர் என்றால் கூப்பிடுகிறேன் என்றாளாம். சரி, அதுவும் என் பையில்தானே இருக்கிறது, அதற்கே கூப்பிடச் சொல் என்றேன். இதைவிட ஒரு அப்பன் எவ்வளவு இறங்கி வருவான்?

ஒரு வாரம் போயிற்று. வெள்ளிங்கிரி மறுபடி வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"கூப்பிட்டாளாம் மாமா. நீங்க எடுக்கலையாம்."

"போன் என்ற சட்டைப் பையில இருக்குது மச்சான். அடிச்சா எனக்குத் தெரியாதா?"

"பிஸின்னே வருதாம். அம்மாவும் எடுக்கல, இப்ப அப்பாவும் எடுக்கலேன்னு அழுகறா."

"பொய் சொல்றா."

"அவ எதுக்கு மாமா பொய் சொல்லோணும்? தூத்துக்குடி போன பெறகு நம்பர்கூட மாத்திட்டா. புது நம்பர்ல இருந்துதான் கூப்பிட்டாளாம்."

அவள் நம்பர் மாறினால் என்ன சார்? அம்மா நம்பர் மாறவில்லையே. நான் அவன் எதிரிலேயே என் போனில் இருந்து இதற்குக் கூப்பிட்டேன். கணீரென்று அடித்தது. இப்ப என்ன சொல்றே என்றேன். அவன் எழுந்து போய்விட்டான்.

நேற்று அவனே போன் செய்தான். நீங்க கிளம்புங்க மாமா, பஸ்ஸில் போகும்போது அவளைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை கட்டாயம் கூப்பிடுவாள் என்றான். அதனால்தான் கிளம்பினேன். ஓட்டலில் முந்தின நாளே சொல்லி வைத்து ஐந்து வகைச் சோறும் கட்டி வாங்கினேன். வளையல் வாங்கினேன், அளவு தெரியவில்லை, பூங்கோதை வளையல் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, இதைவிட ஒரு சுற்றுப் பெரியதாகக் கொடுங்கள், இப்போது கை பூரித்திருக்கும் என்றேன். கடைக்காரி சிரித்தாள். கரூர் வந்தது, கூப்பிடவில்லை. திண்டுக்கல் வந்தது, கூப்பிடவில்லை. நீங்களே பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். வராவிட்டால் யார் தப்பு?

அட, உங்கள் போன் வெளிச்சம் வந்துவிட்டது. போடுங்கள். நிதானமாக. மேலே இருந்து கீழே, பிறகு குறுக்கே என்று நினைவு வந்துவிட்டதா? திறந்துவிட்டதா! சொன்னேனே.

சார், ஒரு உபகாரம் செய்வீர்களா? இந்தச் சின்னப் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். சும்மாதான். நம்பர் சொல்கிறேன், அடியுங்கள்.

போட்டீர்களா? என்ன, உங்களுக்கு மணி போகிறதா?

ஒரு தடவை போய் பிஸி என்று வருகிறதா? இதில் ஒன்றும் அடிக்கவில்லையே. மறுபடி போடுங்கள்.

இல்லை. அடிக்கவில்லை.

சிக்னல் இருக்காது சார் இங்கே. வாடிப்பட்டிப் பக்கம் எப்போதும் இப்படித்தான், மலை மறைக்கும்.

என்ன சொன்னீர்கள்? தெரியாத நம்பரை வேண்டாம் என்று வைத்திருக்குமா? உங்கள் மகன் உங்களுக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறானா, விளம்பரக்காரர்கள் தொல்லைக்கு? அதெல்லாம் இதில் ஒன்றும் இல்லை சார். நான் என் கையால் திறந்துவிட்டேன். வாழ்க்கை முழுக்க இதுதான் என் வேலை, எனக்குத் தெரியாதா? உங்கள் கம்பெனி சிம் வேறு, இது வேறு, சில நேரம் ஒன்றுக்கொன்று போகாது.

இருங்கள், என் போனில் இருந்து போடுகிறேன்.

பாருங்கள். அடிக்கிறதா? எவ்வளவு கணீரென்று அடிக்கிறது.

சமயநல்லூர் தாண்டிவிட்டது. ஆரப்பாளையம் வந்துவிடும். தூத்துக்குடி வண்டி அங்கே கிடையாது, மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஈரோடு வண்டி ஆரப்பாளையத்திலேயே நிற்கும், இறங்கி ஏறிக்கொள்ளலாம்.

இந்தப் பையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள், நல்ல ஓட்டல். தயிர்சோறு மட்டும் இப்போதே சாப்பிட்டுவிடுங்கள், இன்னும் வைத்திருந்தால் புளித்துவிடும். வளையலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு தடவை போடட்டுமா? கேளுங்கள். அடிக்கிறது பாருங்கள், அடித்துக்கொண்டே இருக்கிறது.

என்ன சார், போதும் என்கிறீர்கள்? பூங்கோதையும் இப்படித்தான் சொன்னாள்.